துருஸ்பெக்கின் இடது குதிகால்

விடியற்காலைத் தொழுகை முடிந்து விரிப்பைச் சுருட்டும்போதெல்லாம் துருஸ்பெக் தன் இடது காலைச் சந்தேகமாகப் பார்ப்பான். முதல் நாலு அடிதான் வினை. குதிகாலுக்கு மேலே, பூட்ஸின் விளிம்பு உரசுகிற இடத்தில், யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போல இருக்கும். ஐந்தாம் அடியில் கொஞ்சம் இளகும். பத்தாம் அடியில், இவ்வளவு நேரம் வலித்தது பொய்யோ என்று அவனுக்கே தோன்றும். இப்படி வந்து வந்து ஒளிந்துகொள்கிற வலியை அவன் நம்பவில்லை. நேர்மையான வலி என்றால் நின்று வலிக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

கராகோல் நகரத்திலிருந்து ஜிர்கலான் மலைக் கிராமத்துக்கு மினி பஸ் ஓட்டுகிறவனுக்கு இடது கால்தான் பிழைப்பு. கிளட்சை மிதிக்கிற கால் அது. பனிக்காலத்தில் ஒரு நடைக்கு எத்தனை முறை மிதிக்கிறான் என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவன் கவலை கிளட்ச் இல்லை. வாலிபால்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை விட்டு யாரும் முழுதாக வெளியேறுவதில்லை. எந்த வருடம் படிப்பை முடித்தோமோ அந்த வருடத்தின் பெயரில், முடி நரைத்தாலும், ஓர் அணி இருக்கும். மார்ச்சில் வரும் வசந்தப் பண்டிகையான நூருஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் வருடத்தோடு வருடம் மோதும். வென்றவர்களுக்கு ஒரு செம்மறிக் கிடா. அன்றைக்கே அறுத்துச் சமைத்து இரண்டு அணியும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு முன்னால்தான் மானப்பிரச்சினை இருக்கிறது. தோற்ற அணியின் தலைவன் கெண்டியும் பேசினும் துண்டுமாக வந்து, வென்ற தலைவனின் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இளையவன் மூத்தவனுக்கு ஊற்றினால் அதில் குறைவில்லை, எந்த வீட்டிலும் நடப்பதுதான். மூத்தவன் இளையவனுக்கு ஊற்ற நேர்ந்தால் அடுத்த நூருஸ் வரை கடைத்தெரு அதை மறக்காது.

துருஸ்பெக் தொண்ணூற்று நாலாம் வருடத்தின் தலைவன். போன முறை தொண்ணூற்றாறாம் வருடத்து மிர்சாத் அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஊற்றும்போது முழங்கை வரை நனைத்துவிட்டான். தெரியாமல் நனைத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். துருஸ்பெக் நம்பவில்லை.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு வந்ததுதான் இந்த வலி. இறைச்சிக் கடை வைத்திருக்கும் வகுப்புத் தோழன் கெங்கேஷ் செம்மறி வால் கொழுப்பைக் கொடுத்துப் பூசச் சொன்னான். பூசினான். கம்பளியைச் சுற்றினான். கோடை போனது, ஆப்பிள் பறித்து முடிந்தது, பனி விழுந்தது, வலி அப்படியே இருந்தது. டிசம்பர் கடைசியில் மனைவி ஸூரா அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

இரண்டாம் மாடியில், உடற்பயிற்சி சிகிச்சை அறையில் இருந்தவள் முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பாள். ஐபெரி என்று சட்டையில் எழுதியிருந்தது. அவனைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளினாள். அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான்.

"நரம்பு சுளுக்கிடுச்சா, டாக்டர்?"

"நரம்பு இல்ல பைகே, நார். கெண்டைச் சதையைக் குதிகாலோட கட்டியிருக்கிற கயிறு. அறுந்துபோகல. நைஞ்சு தடிச்சிருக்கு."

பைகே என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் பேசினாள். அவனும் நம்பிக்கையோடு எழுந்து உட்கார்ந்தான்.

"ஊசி போடுவீங்களா?"

"வேணாம்."

"மாத்திரை?"

"அதுவும் வேணாம்."

"ஏதாச்சும் தைலமாவது எழுதிக் கொடுங்க."

"நீங்களே பூசிட்டுத்தானே வந்திருக்கீங்க. ரூம் பூரா ஆட்டு வாசனை."

பிறகு அறையின் மூலையில் இருந்த மரப்படியில் அவனை ஏற்றினாள். முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே தொங்க வேண்டும். இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, மெள்ள மெள்ளக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி வைத்துப் பதினைந்து தடவையாக மூன்று முறை. மடக்கி வைத்து அதே போல மூன்று முறை. காலையிலும் மாலையிலும், வீட்டுப் படிக்கட்டிலேயே. பழகியபின் முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் பாரம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டு வாரம்.

"இதுவா வைத்தியம்?"

"இதுதான்."

"செய்யும்போது வலிக்குமே."

"வலிக்கும். பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலிச்சா பரவாயில்ல, செய்யுங்க. மறுநாள் காலைல முதல் அடி வைக்கிறப்ப முந்தின நாளைவிட மோசமா இருந்தாத்தான் குறைச்சுக்கணும். அதுவரைக்கும் குதிக்கிற வேலை வேணாம்."

கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். செய்த நாளுக்கு ஒரு கோடு, காலை வலிக்கு ஓர் எண். துருஸ்பெக் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டாவது வாரம் சரியாக நூருஸில் போய் முடிந்தது. இவ்வளவு சரியாக முடிவது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், நடையில் ஒரு வெந்நீர்க் குடுவையும் ரொட்டிப் பொட்டலமுமாக மிர்சாத் நிற்கிறான்.

"அடடே, பைகே, நீங்களா? என் பொண்டாட்டிக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்." கண் நேரே கீழே போனது. "குதிகாலா? எம்பற காலா, ஊன்ற காலா?"

பைகே என்ற சொல்லை இவ்வளவு இனிப்பாக யாரும் சொல்லி துருஸ்பெக் கேட்டதில்லை. "பூட்ஸ் கடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு படிகூட நொண்டாமல் இரண்டு மாடியும் இறங்கினான். அதற்கு எவ்வளவு பல்லைக் கடித்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

கெங்கேஷ் விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"எதிரி வீட்டுக்கே போயி மருந்து கேட்டுட்டு வந்திருக்கியேடா."

"எனக்கென்ன தெரியும், அவ அவன் பொண்டாட்டின்னு?"

"நீயே யோசி. கயிறு நைஞ்சிருக்குன்னு அவளே சொல்றா. நைஞ்ச கயித்துல மூட்டையைக் கட்டித் தொங்கவிடுன்னும் அவளே சொல்றா. வலிச்சா நிறுத்தாதேங்கறா. நான் இருபது வருஷமா நாரும் சதையும் வெட்டறவன். வலிக்க வலிக்க இழுன்னு சொல்ற வைத்தியத்தை இப்பத்தான் கேக்கறேன்."

"படிச்ச பொண்ணு மாதிரி இருந்தாளே."

"படிச்சதனாலதான் பன்னெண்டு வாரம்னு கணக்கா சொல்லியிருக்கா. நூருஸும் வரும், கயிறும் அறும். அப்புறம் கெண்டியைத் தூக்கிக்கிட்டு நீ நில்லு."

ஆனாலும் துருஸ்பெக் மூன்று நாள் செய்து பார்த்தான். தன் அடுக்குமாடியின் படிக்கட்டில், கம்பிப் பிடியைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் நாள் வலி ஏழுக்குப் போனது. கெங்கேஷ் சொன்னது காதில் கேட்டது. நாலாம் நாள் விட்டுவிட்டான்.

விட்டவன் அந்தத் தாளையும் விட்டிருக்கலாம். வீட்டில் ஸூரா தினம் "பண்ணினீங்களா" என்று கேட்டாள். மருத்துவமனைக்காரி எதையும் மோப்பம் பிடித்து மிர்சாதிடம் சொல்லிவிடக் கூடாது என்று வேறு தோன்றியது. அதனால் தினம் ஒரு கோடு போட்டான், பக்கத்தில் ஓர் எண் எழுதினான். தொழுகைக்கு முன்னால் எழுதினால் மனசு உறுத்துகிறது என்று தொழுகைக்குப் பின்னால் எழுதினான். அப்போதும் உறுத்தியது. பொய் சொல்லத் தெரியாதவனுக்கு எந்த நேரமும் நல்ல நேரம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஐபெரி தாளைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எல்லாக் காலையும் ரெண்டு. ஒரு நாள்கூட மூணு இல்ல, ஒண்ணும் இல்ல."

"முன்னேறிட்டு வருது, டாக்டர்."

"அந்தப் படியில ஒத்தைக் கால்ல நின்னு எம்புங்க, பார்ப்போம்."

நாலு தடவை எம்பினான். ஐந்தாவதில் குதிகால் மேலே வரவே இல்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நெறையப் பேர் இப்படித்தான் எழுதறாங்க பைகே. வீட்டுல யாரு பார்க்கப் போறா? எனக்கு உங்ககிட்ட இருந்து பொய் வந்தா, நான் கொடுக்கற வைத்தியமும் பொய்யாப் போயிடும். அவ்வளவுதான்." வேறொரு வெற்றுத் தாளை நீட்டினாள். "இன்னைலேர்ந்து பன்னெண்டு வாரம்."

உன் புருஷன் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். சந்தேகம் மட்டும் குறையவில்லை. இரண்டாவது தாளையும் இவ்வளவு பொறுமையாகக் கொடுக்கிறாளே, அது ஏன்?

அந்த வாரமே அவன் பஸ்ஸில் ஒரு பேச்சு நடந்தது. பின்சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் முட்டைகோஸ் பையோடு.

"எங்க பில்டிங்ல ஒருத்தன் விடியறதுக்கு முன்ன மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் படியில நிக்கறான். ஏறவும் மாட்டேங்கறான், இறங்கவும் மாட்டேங்கறான். நின்ன எடத்துலயே மேல கீழ மேல கீழ. வாய்க்குள்ள என்னமோ எண்ணறான்."

"யாரு, திருடனா?"

"திருடன்னா பரவாயில்லையே. மூணாவது மாடி, டாக்டரம்மாவோட புருஷன். யாருக்கோ செய்வினை வைக்கிறான்னு நெனைக்கிறேன்."

துருஸ்பெக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். இறங்க வேண்டியவர் கத்தியபிறகுதான் பிரேக் போட்டான்.

கேட்டதை நம்புகிற ஆள் இல்லை அவன். மறுநாள் தொழுகை முடிந்ததும், முதல் நடைக்கு முன்னால், பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தான். மாடிப்படியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. சத்தம் கேட்டது: "பதினொண்ணு... பன்னெண்டு..." இரண்டாம் மாடியின் திருப்பத்தில் தலையை நீட்டினான்.

மிர்சாத். முதுகில் பை. முன்பாதம் படியில், குதிகால் வெளியே. இறக்கும்போது அவன் மேல் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. துருஸ்பெக்குக்கு அந்தக் கோணல் தெரியும். மூன்று நாள் தன் முகத்திலும் அது வந்து போயிருக்கிறது.

"யாரு?" மிர்சாத் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். "பைகே? நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பஸ்ஸுக்கு... ஆள் ஏத்த வந்தேன்."

"ரெண்டாவது மாடியிலயா?"

துருஸ்பெக் நாலு படி ஏறி, அவன் முதுகுப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். தனக்காகப் போட்ட நாடகமாக இருந்தால் உள்ளே தலையணைதான் இருக்கும். கை இறங்கிவிட்டது. மணல்.

"பன்னெண்டு கிலோ" என்றான் மிர்சாத். "சந்தேகமா இருந்தா எடை போட்டுக்கங்க."

"எப்போலேர்ந்து?"

"வலி, போன வருஷ நூருஸ்லேர்ந்து. அவ கொடுத்த தாள் நவம்பர்லேர்ந்து. மொத ஆறு வாரம் சும்மா கோடு போட்டேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொண்டாட்டி சொல்றதை எப்படி பைகே உடனே நம்பறது? கண்டுபிடிச்சுட்டா. இன்னொரு தாளைக் கொடுத்தா."

"என் காலைப் பத்தி உங்கிட்ட சொன்னாளா?"

"கேட்டேன். பூட்ஸ் கடிச்சிருக்கும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. என் காலைப் பத்தி உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல."

மேல்மாடியில் ஒரு கதவு சங்கிலியோடு திறந்து, ஒரு கண் தெரிந்து, மூடிக்கொண்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான் மிர்சாத்.

"நீயும்."

அன்று சாயங்காலமே துருஸ்பெக் தன் வீட்டுப் படியில் நின்றான். நாலாவது வாரத்தில் பாரம் ஏற்ற வேண்டி வந்தது. மணலுக்கு எங்கே போவது, நிலமெல்லாம் உறைந்து கிடக்கிறது. சமையலறை அலமாரியிலிருந்த ஆப்ரிகாட் ஜாம் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தான். இரண்டு, பிறகு நாலு, பிறகு ஆறு. ஒரு நாள் கதவருகே ஸூரா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கோடை பூரா அடுப்புல வெந்து கிண்டினது. ஆறு பாட்டில் காணோம். நீங்க தெனம் பையோட வெளிய போறீங்க, வேர்த்துப்போயி திரும்பறீங்க. எவளுக்கு ஜாம் அவ்வளவு பிடிக்குது?"

அவன் பையைத் திறந்து காட்டினான். ஆறும் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள், யாராவது கரண்டி விட்டிருக்கிறார்களா என்று. பிறகும் இரண்டு நாள் அவன் பின்னாலேயே வந்து மேல்படியில் உட்கார்ந்து எண்ணினாள். எண்ணுவதில் அவனால் ஏமாற்ற முடியவில்லை. அதுவும் ஒரு நல்லதற்குத்தான் என்று இப்போது சொல்கிறான்.

தாளில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. நாலு, அஞ்சு, மூணு, மறுபடி அஞ்சு, மூணு, ரெண்டு. உண்மையான எண்கள் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நூருஸுக்கு முந்தின வாரம் ஐபெரி அவனை ஒற்றைக் காலில் எம்பச் சொன்னாள். இருபது வந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை குதிக்கலாமா?"

"அன்னைக்கு ஒன்பது வாரம்தான் ஆகியிருக்கும். விளையாடுங்க, நில்லுங்க, பந்தைத் தூக்கிக் கொடுங்க. குதிக்க வேணாம். இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்."

முதலில் வீணாக்கிய மூன்று வாரத்தை அவன் கணக்குப் பார்த்தான். அவை இருந்திருந்தால் பன்னிரண்டும் ஆகியிருக்கும். ஆனால் இல்லாதது இல்லாததுதான்.

தொண்ணூற்று நாலில் ஆடக்கூடிய ஆள் ஆறு பேர்தான். ஒருவன் மாஸ்கோவில், இருவர் மண்ணுக்குள். குதிக்க மாட்டேன் என்று சொன்னதும் கெங்கேஷ் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு சொன்னா? அவ சொன்னாளா?"

"ஆமா."

"எதிராளி பொண்டாட்டி சொன்னா, நீ குதிக்க மாட்டே."

"கிளட்ச் கால்டா இது. அறுந்துட்டா நீயா பஸ் ஓட்டுவே?"

"கிளட்சா, வேற ஏதாச்சுமா? நீ ஒரு நாள் விடியக்காலைல அவன் பில்டிங்ல இருந்து வந்ததைப் பார்த்தவங்க இருக்காங்க."

துருஸ்பெக் வாயைத் திறந்தான். மிர்சாதுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான். கெங்கேஷ் அதையும் பார்த்துவிட்டான்.

இறுதி ஆட்டம் தொண்ணூற்று நாலுக்கும் தொண்ணூற்றாறுக்கும்தான். கூடத்தில் மூச்சு முட்டக் கூட்டம். கடைசியான மூன்றாவது செட்டில் துருஸ்பெக்கின் அணி பதிமூன்று, மிர்சாதின் அணி பதினாலு; பதினைந்தில் ஆட்டம் முடியும். துருஸ்பெக் வலைக்கு முன்னால் நின்றான். கெங்கேஷ் பந்தை எடுத்து அழகாக, உயரமாக, வலையோரம் தூக்கிப் போட்டான். இருபது வருடமாக அந்த உயரத்துக்கு எம்பி அடித்த பந்து அது.

"எம்புடா!"

கால் தானாக மடங்கியது. அந்த ஒரு கணத்தில் அவன் என்ன நினைத்தான் என்று பின்னால் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை, பிஸ்மி சொன்னேன், காலை ஊன்றி நின்றுகொண்டேன் என்றான். நின்றபடியே விரல்நுனியால் பந்தைத் தள்ளினான். வலைக்கு அந்தப் பக்கம், தடுக்க எம்ப வேண்டிய மிர்சாதும் இரண்டு காலும் தரையில் ஊன்றி, கையை மட்டும் தூக்கி நின்றான். இரண்டு தலைவர்களும் பந்தை அண்ணாந்து பார்த்தார்கள். பந்து வலையின் மேல்விளிம்பில் ஒரு தடவை உட்கார்ந்து, யோசித்து, தொண்ணூற்று நாலின் பக்கமே விழுந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்கப்பா."

இறைச்சி வெந்து தாம்பாளத்தில் வந்தது. துருஸ்பெக் இடது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கெண்டியை எடுத்தான். நாற்பத்தாறு வயது ஆள், தன்னைவிட இரண்டு வயது இளையவன் முன்னால். சிலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சம்மணமிட்டிருந்த மிர்சாதுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான், இரண்டு குதிகாலும் விரிப்பில் முழுதாகப் பதிய. உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான். போன வருடத்திலிருந்து இப்படி உட்கார முடிந்ததில்லை.

தண்ணீர் விழுந்தது. மணிக்கட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகவில்லை. மிர்சாத் கையைக் கழுவுவது போலக் குனிந்தான்.

"இன்னைக்குக் காலைல எத்தனை, பைகே?"

"ஒண்ணு. உனக்கு?"

"மூணு. மணலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கா."

"குறைச்சுக்க. அவ சொன்னா கேளு."

மிர்சாத் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, கெண்டியை அவன் கையிலிருந்து வாங்கி, பதிலுக்கு அவன் கைக்கு ஊற்றினான். வழக்கத்தில் அப்படி இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

துருஸ்பெக் எழுந்து தன் அணியின் பக்கம் வந்து உட்கார்ந்தான். கெங்கேஷ் ஓர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"என்னடா ரகசியம் பேசினீங்க?"

"குதிகாலைப் பத்தி."

"யாரோட குதிகால்?"

துருஸ்பெக் ஒரு துண்டு இறைச்சியை எடுத்து, ஆண்டவன் பெயரைச் சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். "என்னோடதுதான்."

கெங்கேஷ் எலும்பைத் தட்டில் வைத்தான். மிர்சாதைப் பார்த்தான். துருஸ்பெக்கின் இடது காலைப் பார்த்தான். தலையை மெதுவாக ஆட்டினான். நம்பவில்லை.